வண்டி வாகனம் – கேள்வி பதில்: பிரேக் புதுசு, பரிசோதனையில் ஏன் தோல்வி?

பள்ளி வேன் ஓட்டுகிறேன், பழைய நிசான் வேனெட். ஆறு மாதப் பரிசோதனைக்குப் போகும் முன் முன்சக்கர பிரேக் பேட் நான்கையும் புதிதாக மாற்றினேன். அப்படியும் ஈப்போவில் உள்ள புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் பிரேக் சோதனையில் தோற்றுவிட்டது. சாலையில் வேன் நன்றாகத்தான் நிற்கிறது. மெஷினில் கோளாறு இருக்குமா?
– வேன் ஓட்டுநர், சுங்கை சிப்புட்

மெஷினைச் சந்தேகிக்கும் முன் கையில் கொடுத்த அறிக்கைத் தாளைப் பாருங்கள். பிரேக் பகுதியில் ஒவ்வோர் அச்சுக்கும் இடப்பக்கம், வலப்பக்கம் என்று தனித்தனி எண்கள் இருக்கும். உருளையின் மேல் சக்கரம் ஏறி நிற்க, பெடலை மிதிக்கும்போது ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு உருளையைப் பிடித்து நிறுத்துகிறது என்பதே அந்த எண். அதைக் கிலோ நியூட்டனில் எழுதுவார்கள். சோதனை இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. வண்டியின் எடைக்கு மொத்தப் பிடி போதுமா என்பது ஒன்று. ஒரே அச்சில் இடமும் வலமும் சமமாகப் பிடிக்கின்றனவா என்பது மற்றொன்று. பேட் மாற்றிவிட்டுப் போய்த் தோற்கும் வண்டிகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் தோற்கின்றன.

ஒரு கணக்கு பார்ப்போம். பின் அச்சில் இடப்பக்கம் 2.1, வலப்பக்கம் 1.2 என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 0.9. பெரிய எண்ணான 2.1இல் இது ஏறக்குறைய 43 விழுக்காடு. காய்ந்த சாலையில், தனியாக ஓட்டும்போது, இது உங்களுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கை லேசாக ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பழகியிருப்பீர்கள். மழையில், பன்னிரண்டு பிள்ளைகளோடு, திடீரென்று மிதிக்க நேர்ந்தால் வேனின் பின்பகுதி ஒரு பக்கமாகச் சுற்றும். "நன்றாகத்தான் நிற்கிறது" என்பதும் "நேராக நிற்கிறது" என்பதும் வேறு வேறு.

நீங்கள் மாற்றியது முன்பக்க பேட். பின்பக்கம் டிரம் பிரேக். யாரும் திறந்து பார்க்காத இடம் அதுதான். டிரம்மைக் கழற்றியதும் முதலில் வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் தொப்பியை நகத்தால் லேசாக நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பிரேக் எண்ணெய் கசிகிறது. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவில் அந்த எண்ணெய் பட்டிருந்தால் ஷூ போயிற்று. பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்துத் திரும்ப மாட்டுகிறவர்கள் உண்டு. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கில் ஊறிய எண்ணெய், டிரம் சூடேறியதும் மறுபடியும் மேலே வரும். சிலிண்டரை மாற்றி, ஷூவை இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் சமமின்மை இன்னும் கூடும்.

கசிவு இல்லையென்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைப் பாருங்கள். லிந்தாங், ஜாலோங் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் செம்மண் தூசி டிரம்முக்குள் புகுந்து, அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தை இறுக்கிவிடும். ஒரு பக்கம் தானாகச் சரிசெய்துகொண்டே இருக்க, மறுபக்கம் நின்றுவிடும். கழற்றி, கம்பித் தூரிகையால் துலக்கி, வெப்பம் தாங்கும் கிரீஸை மரையில் மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். டிரம்மின் உள்சுவரை விரலால் வருடுங்கள். விளிம்பில் மேடு தட்டினாலோ பள்ளக் கோடுகள் இருந்தாலோ லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். டிரம்மிலேயே பொறித்திருக்கும் உச்ச விட்ட அளவைத் தாண்டிவிட்டால் கடையக் கூடாது, புதிது வாங்க வேண்டும்.

முன்பக்கத்திலும் ஒரு வேலை மிச்சம் இருக்கலாம். பேட் மாற்றும்போது, பேட்டை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் வழுக்குக் கம்பிகளைக் கழற்றிச் சுத்தம் செய்தார்களா என்று பட்டறையில் கேளுங்கள். அவை இறுகியிருந்தால் உள்பக்கப் பேட் மட்டும் பிடிக்கும். புது பேட், தட்டோடு முழுப் பரப்பும் ஒட்டிப் பழகாமல் பிடிக்காது. மாற்றியபின் ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு மெதுவாகக் குறைப்பதை, இடையில் ஆறவிட்டு, இருபது முப்பது தடவை செய்யுங்கள். மாற்றிய மறுநாளே சோதனைக்கு ஓடினால் எண் குறைவாகத்தான் வரும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றி, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

மறு சோதனைக்கு முன் வீட்டிலேயே ஒரு பார்வை பார்த்துவிடலாம். சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒவ்வொரு சக்கரமாக ஜாக் போட்டுத் தூக்குங்கள். தாங்குகால் வைத்த பிறகே கை வையுங்கள். ஒருவர் பெடலை மிக லேசாக மிதிக்க, நீங்கள் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இடப்பக்கம் நின்றபிறகும் வலப்பக்கம் சுற்றினால் கோளாறு வலப்பக்கம். பெடலை விட்டபின் ஒரு சக்கரம் மட்டும் கனமாகச் சுற்றினால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக்குக்கும் தனிச் சோதனை உண்டு. லிவரை அளவுக்கு மேல் தூக்க வேண்டியிருந்தால் முதலில் பின் ஷூவைச் சரிசெய்யுங்கள், கேபிளை அப்புறம். கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால் ஷூ உரசிக்கொண்டே ஓடும்.

பள்ளி வேன் என்பதால் இருக்கையின் போல்ட், அவசரக் கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிறதா, தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா, எல்லா விளக்கும் எரிகிறதா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். 2 ரிங்கிட் பல்பு ஒன்றுக்காக ஒரு நாள் ஓட்டத்தை இழக்க வேண்டாம்.

தோட்டத்தில் தெரிந்தவரிடம் 2012 ஆண்டு மைவி வாங்கப் போகிறேன். சொந்தக் காருக்கும் வருடா வருடம் பரிசோதனை உண்டா? பி5, பி7 என்கிறார்களே, இரண்டும் எடுக்க வேண்டுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

நம் மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு வருடாந்தரக் கட்டாயப் பரிசோதனை கிடையாது. லோரி, பேருந்து, பள்ளி வேன் போன்ற வணிக வாகனங்களுக்குத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இ-ஹெய்லிங், அதாவது செயலி வழி வாடகைக்கு ஓட்டும் கார், மூன்று வயதைத் தாண்டியதும் ஆண்டுக்கொரு முறை போக வேண்டும். 

உங்களுக்குத் தேவை பெயர் மாற்றத்துக்கான பி5. அடிப்படைக் கட்டணம் 30 ரிங்கிட். வங்கிக் கடனில் வாங்கினால் அதோடு பி7, அடிப்படைக் கட்டணம் 60 ரிங்கிட். ரொக்கம் கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் பி7 தேவையில்லை. மைபுஸ்பாகோம் செயலியிலோ இணையத்திலோ நேரம் பதிந்து, பணத்தையும் அங்கேயே கட்டிவிட்டுப் போக வேண்டும்.

பணத்தை ஒரே தடவையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கிரானை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தை, வாங்கி, அதில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே பாருங்கள். பிறகு பி5. அது தேறிய பின் உங்கள் பெயரில் காப்புறுதி. அதன்பின் இருவரும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பெருவிரல் ரேகை வைத்துப் பெயர் மாற்றம். மிச்சப் பணத்தைக் கொடுக்கும் இடம் அதுதான். பழைய கடன் பாக்கி இருந்தால் வங்கியின் உரிமைப் பதிவு நீக்கப்படாமல் பெயர் மாறாது. "அப்புறம் மாற்றிக்கலாம், ஓட்டிக்கிட்டு இரும்மா" என்று யார் சொன்னாலும், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், கேட்காதீர்கள். நீங்கள் கட்டிய காரில் அவர் பெயரும், நீங்கள் வாங்கும் சம்மனில் அவர் முகவரியும் இருந்தால் இரண்டு குடும்பத்துக்கும் தொல்லை.

பி5இல் திருப்பி அனுப்பப்படும் காரணங்கள் சில திரும்பத் திரும்ப வருபவை. முதலாவது கண்ணாடி. 2019 மே மாதத் திருத்தத்துக்குப் பிறகு சொந்த வாகனத்தின் பின்பக்கக் கண்ணாடிகள் எவ்வளவு கறுப்பாகவும் இருக்கலாம். முன் கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையும், ஓட்டுநர் வரிசையின் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். அடுத்தது எண் பலகை. கறுப்பில் வெள்ளை, எழுத்து உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40, கோட்டுத் தடிப்பு 10. சாய்வெழுத்து, நெருக்கி எழுதியது, போல்ட்டை வைத்து ஒரு எண்ணை இன்னொன்றாகக் காட்டுவது, எல்லாம் தோல்விதான். அடுத்து, கிரானில் ஏறாத எஞ்சின் மாற்றம். 'அதே மாடல் எஞ்சின்தானே' என்று மாற்றிவிட்டு ஜேபிஜேயில் பதியாமல் விட்டவர்கள், விற்கும் நாளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தொல்லையைச் சுமப்பது வாங்க வந்தவர்.

சேசிஸ் எண் துருவேறி மங்கியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தூரிகையால் மட்டும் துலக்குங்கள். கிரைண்டரைத் தொடவே தொடாதீர்கள். தேய்த்த தடயம் இருந்தால், எண்ணை மாற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் எழும். வண்டி காவல்துறைக்கும் இரசாயன இலாகாவுக்கும் போகும் நிலைமை வரலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். பி5 முக்கியமாக வண்டியின் அடையாளத்தைச் சரிபார்ப்பது. எஞ்சின் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று அது சொல்லாது. நம்பிக்கையான மெக்கானிக்கிடம் அரை நாள் விட்டு, கியர் எண்ணெயின் நிறம், ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் பசை, வெள்ளத்தில் மூழ்கிய அடையாளம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளத்தைக் கண்டுபிடிக்க இருக்கை பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். அடியில் சேற்றுக்கறைக் கோடு இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி, டீசல். புகைச் சோதனையில் தோற்றுவிட்டது. டீசல் பம்பில் திருகைக் குறைத்தால் புகை வராது, சோதனை முடிந்ததும் பழையபடி திருகிவிடலாம் என்கிறார்கள். அத்தோடு பக்கப் பலகையை உயர்த்தியிருக்கிறேன். அது பிரச்சினையா?
– சிறு லோரி உரிமையாளர், கோலகங்சார் மாவட்டம்

டீசல் புகைக்கு 1996ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளின்படி உச்ச வரம்பு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு. எஞ்சினை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்து, வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளக்கிறார்கள். கறுப்புப் புகை என்றால் டீசலுக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூளாகவில்லை.

முதலில் ஏர் ஃபில்டர். தோட்டத்துத் தூசியில் அது சீக்கிரம் அடைத்துவிடும். வெளிப்பக்கம் சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே விளக்கைப் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். டர்போ லோரி என்றால் காற்றுக் குழாய் இணைப்புகளில் எண்ணெய் ஈரம் தேடுங்கள். அங்கே காற்று வெளியேறுகிறது. அதுவும் சரியாக இருந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, சோதனை மேசையில் தெளிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பனிபோல் விரிய வேண்டியது கோடாக ஒழுகினால் முனையை மாற்ற வேண்டும். நீல நிறப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. அது வேறு வைத்தியம், செலவும் பெரிது.

குளிர்ந்த எஞ்சின் அதிகம் புகைக்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், போய்ச் சேரும்போது எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும். ஆனால் வரிசையில் ஒரு மணி நேரம் அணைத்து வைத்தால் ஆறிவிடும். உங்கள் முறைக்குச் சற்று முன்பே கிளப்பி, சூடேற்றிவிட்டு உள்ளே போங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அதை மாற்ற வேண்டிய காலம் தாண்டவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முழு வேகத்துக்கு மிதிக்கும்போது அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

திருகு யோசனையை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். டீசலைக் குறைத்தால் அன்றைக்குப் புகை குறையும், நோய் அப்படியே இருக்கும். திரும்பக் கூட்டியதும் எண்ணெயும் பணமும் புகையாகப் போகும், சாலையோரச் சோதனையிலும் மாட்டுவீர்கள். பம்பின் முத்திரையை உடைத்த தடயமும் இருக்கும்.

பக்கப் பலகை பெரிய பிரச்சினைதான். வண்டியின் உடலமைப்பை மாற்ற ஜேபிஜே ஒப்புதல் வேண்டும். லோரியின் பக்கத்தில் எழுதியிருக்கும் பிடிஎம் (BDM) என்பது சுமையோடு இருக்கக்கூடிய மொத்த எடை, அதற்குப் பக்கத்தில் இருக்கும் பிதிஎம் (BTM) என்பது வெறும் வண்டியின் எடை. இரண்டையும் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றலாம். பலகையை உயர்த்தினால் அந்த எண் கூடாது, குலை மட்டும் கூடும். பிரேக், டயர், ஸ்டியரிங், ஸ்பிரிங் எல்லாமே பழைய எடைக்கு வடிவமைத்தவை. உயரே குவித்த குலை, வளைவில் லோரியைக் கவிழ்க்கவும் செய்யும். வலை கட்டாமல் ஒரு குலை சாலையில் விழுந்தால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

2025 மே 13 அன்று தெலுக் இந்தான் அருகே கல் ஏற்றிய லோரி மோதியதில் கலகத் தடுப்புப் படையினர் 9 பேர் இறந்தார்கள். ஜூன் 9 அன்று கிரிக் அருகே பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழக மாணவர் 15 பேர். இரண்டும் நம் பேராக்கில் நடந்தவை. அதன் பிறகுதான் கனரக வாகனங்களுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விதி இறுகியது. 2025 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாக நடப்புக்கு வருகிறது. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வாகனம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்ட முடியாதபடி கருவி இயங்க வேண்டும். உங்கள் லோரி எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதைத் தயாரிப்பு ஆண்டை வைத்து ஜேபிஜேயிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தவணை நெருங்கும்போது பட்டறைகளில் இடம் கிடைக்காது.

லோரி ஓட்டுகிறேன். முதலாளி பரிசோதனைக்கு முந்தின நாள் வாடகைக்கு நல்ல டயர் எடுத்து மாட்டுகிறார். தேறியதும் பழைய டயர் திரும்ப ஏறிவிடுகிறது. ஏதாவது நடந்தால் என் தலையில்தானே விழும்?
– பெயர் வேண்டாம்

உங்கள் பயம் நியாயமானது. சாலையில் பிடிபட்டால் ஓட்டுநர் பெயரிலும் சம்மன் வரும். அதைவிட, டயர் வெடித்தால் உள்ளே இருப்பது நீங்கள்.

தினமும் கிளம்பும் முன் டயரைப் பாருங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பள்ளத்துக்குள்ளேயே குறுக்கே சிறு ரப்பர் மேடு இருக்கும். மேல்பரப்பு அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. வீக்கம், நூல் தெரியும் வெட்டு, இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே சிக்கிய கல், மூன்றும் ஆபத்து. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி மறுதோல் போட்ட டயரை ஸ்டியரிங் அச்சில் ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பின்னால் ஒன்று உரிந்தால் வண்டியை ஓரம் கட்டலாம், முன்னால் உரிந்தால் வண்டி உங்கள் கையில் இருக்காது.

குறையைக் கண்டால் தேதியும் வண்டி எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். "டயர் சரியில்ல" என்று வாயால் சொன்னது நாளை எதற்கும் உதவாது. "முன் இடப்பக்க டயரில் நூல் தெரிகிறது, மாற்றாமல் ஓட்டுவது ஆபத்து" என்று எழுதுங்கள். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அதற்காக அவரைப் பாதிப்புக்கு ஆளாக்கக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய செய்தி அந்த நாளில் உங்கள் சாட்சி. அழிக்காமல் வைத்திருங்கள், வீட்டில் இன்னொருவர் தொலைபேசிக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள்.

அப்பாவின் பழைய கப்சாய் மோட்டாரை விற்க வேண்டும். புஸ்பாகோமுக்குக் கொண்டுபோக வேண்டுமா?
– கல்லூரி மாணவர்

வேண்டாம் தம்பி, மோட்டார் சைக்கிள் பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் பரிசோதனை இல்லை. அப்பாவும் வாங்குகிறவரும் அடையாள அட்டையோடு ஜேபிஜேக்குப் போய் ரேகை வைக்க வேண்டும். பாக்கி சம்மன்களை முதலில் பார்த்து முடித்துவிடுங்கள். மோட்டாரையும் சாவியையும் கொடுக்கும் முன், பெயர் மாறிவிட்டதற்கான சான்று கையில் வந்துவிட வேண்டும்.